கருமத்தம்பட்டி கார்டு போட்டிக்குச் சொந்த டெக்கோடு போவது எப்படி?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது ஜெயிப்பதற்கான வழிகாட்டி இல்லை. ஜெயிக்க நேர்வழி ஒன்று இருக்கிறது. உலகப் போட்டியில் பரிசு வாங்கியவர் வைத்திருந்த அறுபது கார்டின் பட்டியல் இன்டர்நெட்டில் கிடக்கிறது. அதை இறக்கி, அறுபதையும் விலைக்கு வாங்கி, அவர் ஆடியபடியே ஆட வேண்டியதுதான். சோமனூர் வட்டாரத்துக்காரர்களுக்கு இதை விளக்க அதிக நேரம் ஆகாது. பாவும் அவனுடையது, ரகமும் அவன் சொன்னது, தறி மட்டும் நம்முடையது. கூலிக்கு நெசவு. அதில் தப்பு ஒன்றும் இல்லை, ஊர் பாதி அதில்தான் சோறு தின்கிறது. ஞாயிற்றுக்கிழமையும் அதையே செய்வானேன் என்று கேட்கிற சிலருக்காக மட்டும் இதை எழுதுகிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்கு நாலு வரி. கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கர் 1993-இல் 'மேஜிக்: தி கேதரிங்' என்றொரு கார்டு ஆட்டத்தைக் கொண்டுவந்தார். அதுவரை சீட்டுக்கட்டு என்றால் உன் கட்டும் என் கட்டும் ஒன்று. இவர் ஆட்டத்தில் அவரவர் கட்டை அவரவரே சேர்க்க வேண்டும், அதற்காகப் பாக்கெட் பாக்கெட்டாக வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். இந்த இரண்டாவது பாதிதான் உலகம் முழுக்க அப்பாக்களின் பர்ஸைக் காலி செய்தது. 1996-இல் ஜப்பானில் போக்கிமான் கார்டு வந்தது. கட்டுக்கு, அதாவது டெக்குக்கு, அறுபது கார்டு. அதற்கு மேலும் கூடாது, குறையவும் கூடாது. ஒரே பெயரில் நான்குக்கு மேல் வைக்கக் கூடாது. அடிப்படை எனர்ஜி கார்டுக்கு மட்டும் இந்தக் கணக்கு கிடையாது. கையில் ஏழு எடுத்து ஆரம்பிப்பீர்கள். ஆறு கார்டு பரிசாகக் கவிழ்த்து வைக்கப்படும். எதிராளியின் ஆட்களை அடித்து வீழ்த்தி அந்த ஆறையும் முதலில் எடுப்பவருக்கு வெற்றி. இந்த வழிகாட்டி அந்த ஆட்டத்தைப் பற்றியது.

வீட்டில் சொல்வது

போட்டியைவிடக் கடினமான கட்டம் இது. "கார்டு போட்டிக்குப் போறேன்" என்று சொன்ன உடனே அப்புச்சி கட்டிலில் எழுந்து உட்காருவார். "ஏங்கண்ணு, சீட்டாடவா போற? அது ஆகாத தொழிலு சாமி."

இல்லை அப்புச்சி, இது வேறு, இதில் படம் போட்டிருக்கும் என்பீர்கள். சீட்டிலும்தான் ராஜா ராணி படம் இருக்கிறது என்பார். நுழைவுக் கட்டணம் கட்ட வேண்டும் என்பதை இந்த இடத்தில் வாய்தவறி உளறிவிடாதீர்கள். "பணங்கட்டி ஆடறதுக்கு வேற பேரு வெச்சா அது வேற ஆயிருமா கண்ணு?" என்று ஒரு கேள்வி வரும். அதற்கு இதுவரை யாரும் நல்ல பதில் கண்டுபிடிக்கவில்லை.

படித்த பிள்ளைகள் சட்டம் பேசுவார்கள். ரம்மி திறமையால் ஆடும் ஆட்டம் என்று உச்ச நீதிமன்றமே 1967-இல் ஆந்திர வழக்கு ஒன்றில் சொல்லியிருக்கிறது. தமிழ்நாட்டின் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்தை 2023 நவம்பரில் விசாரித்த சென்னை உயர் நீதிமன்றமும் ரம்மியும் போக்கரும் அந்தத் தடைக்குள் வராது என்றது. இரண்டும் உண்மை. ஆனாலும் அப்புச்சியிடம் சொல்ல வேண்டாம். பொழுதுக்கும் கட்டிலில் கிடக்கிற மனிதர் அது. கோர்ட்டே சொல்லிவிட்டதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார், அப்புறம் அம்மாயிக்கு யார் பதில் சொல்வது?

முப்பத்தைந்து வயதுச் சித்தப்பா இன்னொரு ரகம். அவர் பள்ளிக்கூடம் போன காலத்தில் பெட்டிக்கடையில் மல்யுத்த டிரம்ப் கார்டு விற்றார்கள். உயரம், எடை, மார்பு, பைசெப்ஸ் என்று எண் போட்டிருக்கும். பெரிய எண் சொல்பவனுக்குக் கார்டு. "அண்டர்டேக்கர் இருக்கானா?" என்று கேட்பார். இருக்கிறார் என்று சொல்லிவிடுங்கள். வண்டியில் கொண்டுபோய் விடக்கூடிய ஒரே ஆள் அவர்தான்.

டெக்கை எதால் செய்வது

வீட்டு டெக் என்பதற்கு இரண்டு பொருள் உண்டு. கார்டு அசல், சேர்மானம் மட்டும் சொந்தம் என்பது ஒன்று. கார்டையே வீட்டில் செய்வது இன்னொன்று. அங்கீகாரம் பெற்ற போட்டி எதிலும் இரண்டாவதற்கு இடமில்லை. ஆட்டத்தின் நடுவில் கார்டு கிழிந்தால் நடுவர் மாற்று எழுதிக் கொடுப்பது தனிக்கதை. ஆனால் நாலு பேர் சேர்ந்து மண்டபம் பிடித்து நடத்தும் உள்ளூர்ப் போட்டியில் "பிரிண்ட் போட்டது ஓகே" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தாலும் வரும். வந்துவிட்டதா? கீழே உள்ளதைப் படியுங்கள். வராவிட்டாலும் படியுங்கள், செய்து பார்க்காமல் யாரும் திருந்துவதில்லை.

அளவு 63-க்கு 88 மில்லிமீட்டர். கொங்கு நாட்டில் எந்த வீட்டு அட்டாலியைத் தொட்டாலும் பத்துக் கிலோ கல்யாணப் பத்திரிகை விழும், ஆகவே அட்டைக்குப் பஞ்சமில்லை. மொழுமொழுவென்று கெட்டியாக இருக்கும், வெட்ட வெட்ட ஆசையாக இருக்கும். ஆனால் ஒரு வீட்டுப் பத்திரிகை இருந்த தடிமனில் இன்னொரு வீட்டுப் பத்திரிகை இருக்காது. வசதியான சம்பந்தம் தடிமனாகவும், சிக்கனமான சம்பந்தம் மெல்லிசாகவும் இருக்கும். கலைக்கும்போது தடித்த கார்டுகள் எங்கே இருக்கின்றன என்று விரலுக்குத் தெரிந்துவிடும். எதிராளி விரலுக்கும்தான். சிறுமுகைப் பக்கம் சேலைத் தறியில் தேய்ந்து கழித்த ஜக்கார்டு அட்டையை வெட்டிப் பார்க்கலாம் என்று சில பேருக்குத் தோன்றும். தடிமன் எல்லாம் ஒன்றுபோல இருக்கும், வாஸ்தவம். ஆனால் ஒவ்வொன்றிலும் ஓட்டை வேறு வேறு இடத்தில் இருக்கும். முதுகைப் பார்த்தே முகத்தைச் சொல்லிவிடலாம்.

உருப்படியான வழி ஜெராக்ஸ் கடை. படத்தை வண்ணத்தில் எடுத்து, வெட்டி, பழைய அசல் கார்டு ஒன்றின் முன்னால் வைத்து, இரண்டையும் சேர்த்து ஸ்லீவ் என்கிற பிளாஸ்டிக் உறைக்குள் தள்ளுங்கள். முதுகு பார்க்க அசலாக இருக்கும், விறைப்பும் இருக்கும். ஏ4 தாளில் ஒன்பது கார்டு அடங்கும். அறுபதுக்கு ஏழு தாள், மூன்று மிச்சம். கடைக்காரரிடம் "ஆக்சுவல் சைஸ்" என்று இரண்டு முறை சொல்லவும். முதல் தடவை தலையாட்டிவிட்டு, தாளுக்குப் பொருந்துகிற மாதிரி பெரிதாக்கியே எடுப்பார். ஒரு சுற்றுப் பெரிதாகிப்போன பிகாச்சு எந்த ஸ்லீவுக்குள்ளும் போகாது. "அதெல்லாம் பாத்துக்கலாமுங்க" என்று அவர் சொன்னால் அங்கேயே நின்று முதல் தாளை ஸ்கேல் வைத்து அளக்கவும்.

தங்கக் கார்டு டப்பாவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஃபேன்சி ஸ்டோரிலும் தேர்த்திருவிழாக் கடையிலும் பளபளவென்று மஞ்சள் பிளாஸ்டிக்கில் ஐம்பத்தைந்து போக்கிமான் கார்டு ஒரு டப்பாவில் கிடைக்கும். குழந்தைகள் சட்டையைப் பிடித்து இழுப்பார்கள். அத்தனையும் போலி. ஆடவும் ஆகாது. ஏனென்றால் உள்ளே இருப்பவர்கள் பெரும்பாலும் கடைசிக் கட்டப் பெரிய ஆட்கள். அவர்களை மேசையில் இறக்கத் தேவையான சின்ன ஆட்களும் இருப்பதில்லை, அடிப்பதற்கு வேண்டிய எனர்ஜியும் இருப்பதில்லை. எல்லாரும் பல்லக்கு ஏறினால் தூக்குகிறவன் யார்? அட்டையில் வரும் போலியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாம். அசல் கார்டின் இரண்டு தாளுக்கு நடுவே மெல்லிய கறுப்பு அடுக்கு ஒன்று ஓடும், அதனால் டார்ச் ஒளி அவ்வளவாகக் கசியாது. போலியில் உங்கள் ஐந்து விரலும் நிழலாகத் தெரியும்.

அறுபதை நிரப்புவது

எல்லாருக்கும் இங்கேதான் சறுக்கும். பிடித்த கார்டு ஒவ்வொன்றிலும் ஒன்று எடுத்து அறுபதைச் சேர்த்து விடுவார்கள். பார்க்க அழகாக இருக்கும், ஆல்பத்தில் ஒட்டி வைக்கலாம். ஆடும்போது கணக்கு வேறு. ஒரு கார்டில் நான்கு பிரதி வைத்தால்கூட, முதலில் கைக்கு வரும் ஏழில் அதில் ஒன்றாவது இருப்பதற்கு நூற்றுக்கு நாற்பதுதான் வாய்ப்பு. ஒரே பிரதி என்றால் நூற்றுக்குப் பன்னிரண்டுகூட இல்லை. அதே ஒரு பிரதி, கவிழ்த்து வைத்த ஆறு பரிசுக் கார்டுக்குள் போய் ஒளிந்துகொள்ளப் பத்தில் ஒரு வாய்ப்பு. நீங்கள் அதை நம்பித்தான் மொத்தத் திட்டமும் போட்டிருப்பீர்கள், அது மேசை ஓரத்தில் முகம் காட்டாமல் படுத்திருக்கும்.

இன்னொரு கணக்கு. முதல் ஏழு கார்டில் அடிப்படைப் போக்கிமான் ஒன்றாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கையைத் திறந்து காட்டிவிட்டு மறுபடி கலைத்து எடுக்க வேண்டும், எதிராளி விரும்பினால் ஒரு கார்டு கூடுதலாக எடுத்துக்கொள்வார். அறுபதில் பத்து அடிப்படை ஆட்கள் வைத்திருந்தால், ஏறக்குறைய நாலு ஆட்டத்துக்கு ஒரு ஆட்டம் இப்படி ஆகும். ஆகவே "பெரிய ஆள் நாலு, சின்ன ஆள் நாலு, மீதி எல்லாம் எனர்ஜி" என்ற வீர டெக்கைக் கட்டியவர்கள் போட்டி நாளில் ஆடுவதைவிடக் கையைத் திறந்து காட்டுவதே அதிகமாக இருக்கும்.

கார்டின் கீழ் மூலையில் பொடி எழுத்தில் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். நடப்பு முறையில் ஆடும் போட்டியில் எந்த எழுத்து செல்லும், எது காலாவதி என்று கணக்கு உண்டு, அது அவ்வப்போது மாறும். அண்ணன் காலத்து ஷூ பெட்டியிலிருந்து எடுத்த கார்டு அங்கே செல்லாது. விதியே இல்லாத உள்ளூர்ப் போட்டியில் செல்லும், யாருக்கும் அது என்ன செய்யும் என்று ஞாபகம் இல்லாததால் கொஞ்சம் பயப்படவும் செய்வார்கள்.

ஒத்திகை

மாமன் மகனோடு ஆடிப் பார்க்காதீர்கள். அவன் ஊரிலிருந்து விருந்துக்கு வந்த ஒறம்பரை. தோற்றுக்கொடுப்பதை மரியாதை என்று நினைப்பான். அவனிடம் தொடர்ந்து ஜெயித்துவிட்டு வருகிறவர்கள்தான் மண்டபத்தில் முதல் சுற்றில் திருதிருவென்று விழிப்பது. தனியாக இரண்டு பக்கமும் நீங்களே ஆடிப் பார்ப்பதும் ஆகாது. எந்தப் பக்கம் உங்கள் பிரியமான டெக் இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் ஜெயிக்கும்.

மண்டபம், மாதம், காற்று

கருமத்தம்பட்டியில் போட்டி ஏன் ஆடி மாதத்தில் வருகிறது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். முகூர்த்தம் உள்ள மாதத்தில் மண்டபம் கிடைக்காது. அக்டோபரில் ஜெபமாலை மாதா கோயில் தேர் வேறு, ஊரே அந்தப் பக்கம் போய்விடும். மிச்சம் ஆடியும் மார்கழியும்தான். மார்கழியில் அரைப் பரீட்சை. ஆகவே ஆடி.

ஆடி என்றால் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஜூனில் நுழைகிற தென்மேற்குக் காற்று கோவையைத் தாண்டி சூலூர், பல்லடம் என்று கிழக்கே போய்க்கொண்டே இருக்கும், அந்தத் திக்கில் காற்றாலைகளை வரிசையாக நட்டு வைத்திருப்பது சும்மா இல்லை. மண்டபத்தின் மேற்குச் சன்னலை யாரோ ஒரு பெரியவர் "சித்த காத்தாடட்டும்" என்று திறந்துவிடுவார். ஸ்லீவ் போடாத கார்டு எதுவும் அதற்குப் பிறகு உங்களுடையது இல்லை. ஸ்லீவ் போட்டதும் மெதுவாக நகரும். அடி வாங்கிய கணக்கு வைக்க புளியங்கொட்டையோ பிளாஸ்டிக் வில்லையோ கொண்டுபோகாதீர்கள். பட்டறையில் சொல்லி ஒரு கை இரும்பு வாஷர் வாங்கிக்கொள்ளுங்கள். கார்டும் பறக்காது, கணக்கும் கலையாது. இந்த ஒரு விஷயத்தில் கோயமுத்தூர் ஜில்லாக்காரன் உலகத்துக்கு முன்னோடி. கரன்ட் போனால் ஃபேன் நின்று காற்று கொஞ்சம் அடங்கும், அதனால் மாதாந்திர மின்தடை அறிவிப்பை முதல் நாளே செய்தித்தாளில் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கருமத்தம்பட்டியில் நிற்குமா என்று கண்டக்டரிடம் கேட்டுவிட்டு ஏறவும். பைபாஸில் பறக்கிற வண்டிகள் நிற்காது. கோவையிலிருந்து வந்து தூங்கிப்போனால் அவினாசியில்தான் இறக்கிவிடுவார்கள்.

மேசையில் நடந்துகொள்வது

எதிரே உட்காரும் எதிராளிக்குப் பதினோரு வயது இருக்கும். கையில் ஒரே நிறத்தில் புத்தம்புது ஸ்லீவ், பக்கத்தில் தண்ணீர் பாட்டில், பின்னால் அவனுடைய அம்மா. அவனிடம் இருப்பது இன்டர்நெட் டெக். நீங்கள் வயதில் மூத்தவர், அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

கலைக்கும்போது நிதானம். ஐம்பத்திரண்டு சீட்டுள்ள கட்டை இரண்டாகப் பிரித்து விரலால் கோத்துக் கலைத்தால், நன்றாகக் கலைய ஏழு முறை வேண்டும் என்று டேவ் பேயரும் பெர்சி டையகோனிசும் 1992-இல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். டையகோனிஸ் கணிதப் பேராசிரியர் ஆவதற்கு முன்பு மேஜிக் வித்தை காட்டிக்கொண்டிருந்தவர், அவர் சொன்னால் நம்பலாம். நீங்கள் ஏழு முறை கலைத்து முடிப்பதற்குள் பையன் கலைத்து, வெட்டி, ஏழு எடுத்து அடுக்கிவிட்டு உங்களையே பார்த்துக்கொண்டிருப்பான்.

மூன்றாவது முறை நீங்கள் கார்டு போடும்போது அவன் மெதுவாக ஆரம்பிப்பான். "அண்ணா, ஒண்ணு சொல்லட்டுங்களா? அவன இப்பத்தான எறக்குனீங்க, இந்த டர்ன்லயே எவால்வ் பண்ண முடியாதுங்ணா." அவன் சொல்வது சரி. இறக்கிய முறையிலேயே ஆளை அடுத்த கட்டத்துக்கு மாற்றக் கூடாது. "தெரியும் தம்பி, சும்மா காட்டுனேன்" என்று சொல்லிக் கார்டைக் கைக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்து, "உங்க ஆளு அவுட்டுங்ணா" என்பான். இத்தனை மரியாதையோடு உங்களை வேறெங்கும் யாரும் அடித்திருக்க மாட்டார்கள். நீங்களும் "அடிச்சுக்கட்டுங்களா தம்பி?" என்று கேட்டுவிட்டே அடியுங்கள். பின்னால் அம்மா பார்த்துக்கொண்டிருக்கிறார்.

டீயும் பப்ஸும் வரும். பப்ஸ் தின்ற கையோடு அசல் கார்டைத் தொட்டவனை இந்த ஊரில் யாரும் மன்னித்ததில்லை.

தோற்ற பிறகு

உள்ளூர்ப் போட்டிகள் பெரும்பாலும் சுவிஸ் முறையில் நடக்கும். 1895-இல் ஜூரிக் நகரத்துச் செஸ் போட்டியில் முதலில் பயன்பட்ட முறை இது. தோற்றவர் வெளியே போக வேண்டியதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஒரே அளவு புள்ளி உள்ளவர்களை ஜோடி சேர்ப்பார்கள். பதினாறு பேர் வரை வந்திருந்தால் நாலு சுற்றுப் போதும். ஆள் ஒற்றைப்படையாக இருந்தால் கடைசியில் இருக்கும் ஒருவருக்கு ஆடாமலே வெற்றி எழுதிவிடுவார்கள். அந்த மூன்று புள்ளிக்காகக் காத்திருப்பதில் வெட்கம் இல்லை, அது கிடைத்தால் வீட்டில் "ஒண்ணு ஜெயிச்சேன்" என்று சொல்லவும் சொல்லலாம்.

சொந்த டெக்கோடு போகிறவர்கள் இந்த முறையின் ஒரு விளைவை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். முதல் சுற்றில் இன்டர்நெட் டெக்கிடம் தோற்பீர்கள். இரண்டாவதிலும் அப்படியே. உங்களைப் போலவே வீட்டில் கட்டிக்கொண்டு வந்தவர்களும் அதே நேரத்தில் வேறு மேசைகளில் தோற்றுக்கொண்டிருப்பார்கள். மூன்றாவது சுற்றில் கணக்கு தானாக உங்கள் எல்லாரையும் மண்டபத்துக் கடைசியில், கழுவுகிற இடத்துக்குப் பக்கத்து மேசைகளில் கொண்டுவந்து எதிரெதிரே உட்கார வைக்கும்.

மேல் மேசையில் யாரும் கார்டைப் படிப்பதில்லை, இருவருக்கும் இருவர் டெக்கும் மனப்பாடம். அடுத்து என்ன வரும் என்று இருவருக்கும் தெரியும், முந்தி வருவது யாருக்கு என்பதுதான் பந்தயம். கடைசி மேசையில் எதிராளி ஒரு கார்டு போட்டால் நீங்கள் அதைக் கையில் வாங்கி, கண்ணருகே பிடித்து, முழுசாகப் படித்துவிட்டு, "இது இப்பிடியுமுங்களா பண்ணும்?" என்று கேட்பீர்கள். அவரும் அப்போதுதான் யோசிப்பார். ஆவி வகை ஆட்களை மட்டும் வைத்து ஒருவர் கட்டியிருப்பார், ஏன் என்று கேட்டால் கதை சொல்வார். முப்பது எனர்ஜி வைத்த ஒருவர் மூன்று ஆட்டம் கழித்து அது அதிகமோ என்று சந்தேகப்படுவார். நேரம் முடிந்தது என்று நடத்துநர் கத்தும்போது இரண்டு பக்கமும் பரிசுக் கார்டு பாதிக்கு மேல் கிடக்கும். டிரா. என் அபிப்பிராயத்தில் மண்டபத்தில் அன்றைக்கு நடந்த நல்ல ஆட்டம் அது ஒன்றுதான். மேல் மேசைக்குக் கைதட்டுகிற கூட்டம் இங்கே இருக்காது என்பதால் தண்ணீர் குடிக்கவும் சௌகரியம்.

ஆட்டம் முடிந்ததும் கார்டு மாற்றுவது நடக்கும். அந்தப் பதினோரு வயதுக்காரன் மறுபடி வருவான். "அண்ணா, இந்தக் கார்டு உங்களுக்கு வேண்டாம்னா நான் ரெண்டு தர்றேனுங்ணா" என்று ஆரம்பித்தால், உடனே சரி என்று தலையாட்டாமல் போனை எடுத்து விலை பாருங்கள். இரண்டுக்கு ஒன்று கேட்கிறான் என்றால் அந்த ஒன்று நிச்சயம் இரண்டைவிட விலை கூடியது. அவனுடைய அம்மா சிரித்தாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கிளம்புவதற்கு முன் உங்கள் அறுபதையும் எண்ணிக்கொள்ளுங்கள். ஐம்பத்தொன்பது இருந்தால் எதிராளியின் கட்டில் அறுபத்தொன்று இருக்கும், காற்றடித்த நாளென்றால் சன்னலுக்கு வெளியே வாய்க்காலிலும் ஒருமுறை பார்க்கவும். கடைசியாக வந்தவருக்கும் பங்கேற்புச் சான்றிதழ் உண்டு. பெயரில் எழுத்துப் பிழை இருக்கும். மண்டபத்துச் சாவியைக் கொடுத்துவிட்டு அவர்கள் போய்விடுவதற்குள் அங்கேயே திருத்தி வாங்கிக்கொள்ளுங்கள்.